புலி வருஷத்துப் பெண்கள்

தைப்பிங்
3.3.1974

அன்புத் தம்பி தணிகாசலத்துக்கு,

இங்கே மழையும் நாங்களும் சுகம். அங்கே நீயும் இந்திராணியும் மூன்று பெண்களும் எப்படி? இந்திராணிக்குக் கால் வீக்கம் வடிந்ததா? இது நாலாவது வயிறு. பழகிப்போன வயிறுதானே என்று அவளைத் துணி துவைக்க விட்டுவிடாதே.

நல்ல சேதி சொல்லத்தான் எழுதுகிறேன். போன வியாழக்கிழமை நம் செண்பகம் பெரிய மனுஷியாகிவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் சீருடையோடு ரம்புத்தான் மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றாள். கீழே நின்று திட்டினேன். மேலேயிருந்து அழுகிறாள்: "அம்மா, எனக்கு என்னமோ ஆயிருச்சு. நான் சாவப்போறேன்." எனக்கு விளங்கிவிட்டது. "சாவமாட்ட, இறங்குடி கழுதை" என்று சொல்லிவிட்டு நானும் மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். உன் அத்தான் லாரியை நிறுத்திவிட்டு வந்து, இரண்டு பேரும் அழுவதைப் பார்த்து யார் செத்தது என்று கேட்டார்.

தம்பி, பன்னிரண்டு வருஷத்துக்கு முன் சீனர் பஞ்சாங்கத்தில் இதே மாதிரி ஒரு புலி வருஷத்தில், பெண் பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஒரு சீனக் குடும்பம் என் கையில் கொடுத்த பிள்ளை. வயிறு திறக்காத எனக்கு அவள்தான் எல்லாம். இப்போது பக்கத்து வீட்டு மரகதம் கேட்கிறாள்: "சீனப் புள்ளைக்கு ஏதுக்கா தாய்மாமன்? சும்மா தலைக்குத் தண்ணி ஊத்தி வுட்டுருங்க லா." நான் சொன்னேன், "அவ மாமன் குளுவாங்ல இருந்து ரயில்ல வருவான், பாரு" என்று.

வந்துவிடு. பச்சை ஓலை வெட்டுவதும் முதல் மாலை போடுவதும் உன் கை. ரயில்வேயில் வேலை பார்க்கிற உனக்கு ரயில் சும்மாதானே, செலவு என்று சாக்குச் சொல்லாதே.

உன் வரவை எதிர்பார்க்கும்
அக்கா அமிர்தம்

—

குளுவாங்
22.3.1974

பாசமுள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகம். அத்தானை விசாரித்ததாகச் சொல்லவும். இந்திராணிக்கு மே மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். வயிறு கூர்மையாக இருக்கிறது, இந்தத் தடவை ஆண்தான் என்று அவள் அம்மா சொல்கிறார். தொட்டிலுக்கு நீலத் துணிகூட வாங்கியாகிவிட்டது.

செண்பகம் விஷயம் சந்தோஷம். ஆனால் அக்கா, பதினாறு வருஷமாக ரயிலில் டிக்கெட் பார்க்கிறவன் சொல்கிறேன், மனுஷ ஜாதியை என்னைப்போல் பார்த்தவன் கிடையாது. சீனன், நாம் கேட்பதற்கு முன்பே டிக்கெட்டை நீட்டுவான், முகத்தை மட்டும் பார்க்க மாட்டான். மலாய்க்காரர் டிக்கெட்டைத் தேடிக்கொண்டே நம் பிள்ளைகுட்டிகளை விசாரிப்பார். நம்மாள், "அண்ணே, நானும் உங்க ஊருதான்" என்பான், டிக்கெட் இருக்காது. இதை யாராலும் மாற்ற முடியாது. பிறவிக் குணம்.

அதனால் சொல்கிறேன். பெண் பெரியவளாகிவிட்டாள், பள்ளிக்கூடம் இனிப் போதும். பெண் ரொம்பப் படித்தால் வீட்டுக்கு அடங்காது. சீனப் பிள்ளைக்குக் கணக்கு ரத்தத்திலேயே இருக்கும். ஒரு துணிக்கடையில் கல்லாவில் உட்கார வையுங்கள், கொடிகட்டிப் பறப்பாள். அடிக்காமல் வளர்க்கிறீர்கள் என்றும் கேள்விப்பட்டேன். எடுத்து வளர்க்கும் பிள்ளைக்குச் செல்லம் கொடுத்தால் தலைமேல் ஏறும்.

நான் வருவதைப் பிறகு பார்க்கலாம். இந்திராணியை இந்த நிலையில் விட்டுவிட்டு எப்படி வருவது?

அன்புத் தம்பி
தணிகாசலம்

—

தைப்பிங்
4.4.1974

தம்பிக்கு,

எல்லோரும் சுகம். உன் கடிதத்தை வாய்விட்டுப் படித்தேன். ரயில் கதைக்கு உன் அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு "கணக்கு ரத்தத்திலேயே" என்ற இடம் வந்ததும் செண்பகம் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

உனக்குத் தெரியாது. அவளுக்குக் கணக்கு என்றால் வேப்பங்காய். போன தவணை மார்க் அட்டையில் எல்லாம் நீல மை, கணக்கு மட்டும் சிவப்பு. மற்ற பிள்ளைகள் தப்பாகப் போட்டால் வாத்தியார் ஒரு குட்டோடு விட்டுவிடுகிறார். இவளை மட்டும் நிற்கவைத்து, "சீனப் புள்ளையா இருந்துகிட்டு கணக்கு வரலையா? ஏமாத்தறியா?" என்கிறாராம். கணக்கு வராதது ஒரு குற்றம், முகத்துக்கு ஒவ்வாமல் வராதது இரண்டாவது குற்றம். படிப்பை நான் நிறுத்தப்போவதில்லை. கணக்கு வராத பிள்ளையைக் கல்லாவில் உட்காரவைத்தால் கடைக்காரன் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும்.

சீனர் எல்லோரும் கணக்கில் புலி என்கிறாயே, மார்க்கெட்டில் எனக்குக் கீரை விற்கும் சியூ லானை வந்து பார். விரல் விட்டு எண்ணி எண்ணி எப்போதும் தப்பாகத்தான் சொல்வாள். திருத்துவது என் வேலை. போன வாரம் கேட்டாள், "எங்க உங்க புள்ள? வரல, காய்ச்சலா?" காய்ச்சல் இல்லை, பெரிய மனுஷியாகிவிட்டாள் என்றேன். ஆட்கள் காத்து நிற்க, கடையை விட்டுவிட்டுக் குழாயடிக்குப் போய் ரொம்ப நேரம் கை கழுவிக்கொண்டிருந்தாள். சீனர்களுக்கு இதெல்லாம் வெளியில் பேசக் கூச்சம்போல.

சடங்கைத் தள்ளிவைத்திருக்கிறேன். வீட்டளவில் தலைக்குத் தண்ணீர் மட்டும் ஊற்றினேன். இந்திராணி பெற்றுப் பிழைக்கட்டும், அப்புறம் நாள் பார்ப்போம். மாமன் மாலை விழாமல் அவளை மணையில் உட்காரவைக்க மாட்டேன். இது பிடிவாதம் என்றால் பிடிவாதம்தான்.

அக்கா

—

குளுவாங்
28.4.1974

அக்காவுக்கு,

நலம். நலம் அறிய ஆவல்.

மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன், கோபப்படக் கூடாது. தாய்மாமன் என்றால் தாயோடு பிறந்தவன். செண்பகத்தைப் பெற்ற தாயோடு பிறந்தவன் எந்தச் சூதாட்ட மேஜையில் உட்கார்ந்திருக்கிறானோ, யாருக்குத் தெரியும்? நான் வந்து மாலை போட்டால் ஊர் சிரிக்கும். இங்கே இந்திராணி வீட்டார் வேறு, எனக்கு மூன்று பெண்கள் இருக்க எவர் பெண்ணுக்கோ முறை செய்யப் போகிறேனே என்று முணுமுணுக்கிறார்கள்.

இன்னொன்று. நாளைக்கே ரத்தம் கூப்பிட்டால் அவள் அந்தப் பக்கம் போய்விடுவாள். பெற்ற பெண்ணைப் பூனைக்குட்டி மாதிரி தூக்கிக் கொடுக்கிற ஜாதி அக்கா அது. கொடுத்த மறுநாளே கடை திறந்து வியாபாரம் பார்ப்பார்கள், அவர்களுக்கு மனசு கல். நம்மில் எவ்வளவு ஏழையானாலும் அப்படி உண்டா? கூழோ கஞ்சியோ கூடவே வைத்துக்கொள்வோம். அதுதான் நமக்கும் அவர்களுக்கும் உள்ள வித்தியாசம். நீங்கள் அன்பு வைத்ததைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஆசைக்கும் ஓர் அளவு உண்டு.

தம்பி

—

தைப்பிங்
3.5.1974

தணிகாசலத்துக்கு,

உன் கடிதத்தைச் செண்பகம்தான் தபால்காரரிடம் வாங்கினாள். மாமா எழுதியிருக்கிறார் என்று ஓடிவந்து, பிரித்து, எனக்குப் படித்துக் காட்டத் தொடங்கினாள். "மனசில் இருப்பதை" என்ற வரிக்குப் பிறகு வாய்க்குள்ளேயே படித்தாள். மடித்து என் மடியில் வைத்துவிட்டு, "நீயே படிச்சுக்கம்மா" என்றாள்.

பூனைக்குட்டி என்று எழுத உன் கை எப்படி வந்ததடா?

நீ தவழ்ந்த காலத்தில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ரப்பர்த் தோட்டத்துப் பால்மரக் காட்டில் நின்றவள் நான். அந்த இடுப்பில்தான் அவளும் வளர்ந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே இடுப்பு. இதற்குமேல் உனக்கு என்ன முறை வேண்டும்?

இந்திராணி சுகமாகப் பெற்றெழ அம்மனை வேண்டிக்கொள்கிறேன். பிள்ளை பிறந்ததும் எழுது.

அமிர்தம்

—

குளுவாங்
10.6.1974

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கோபம் நியாயம்தான். வார்த்தை தடித்துவிட்டது. செண்பகத்தைக் கேட்டதாகச் சொல்லவும்.

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. டுரியான் பழப் பருவம் தொடங்கிவிட்டது, ரயில் பெட்டி பூராவும் அந்த வாடைதான். ஸ்டேசன் மாஸ்டருக்குக் கோலாலம்பூருக்கு மாற்றலாகிவிட்டது, புதிதாக வந்தவர் சீக்கியர், சத்தம் ஜாஸ்தி. சீக்கியர் எல்லோருமே அப்படித்தான். மூத்தவள் பள்ளி ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தாள். சின்னவளுக்குப் பல் விழுந்தது, கூரைமேல் எறிந்தோம். நம் வீட்டுக் கோழி பத்துக் குஞ்சு பொரித்திருக்கிறது, எல்லாம் நலம்.

அத்தானுக்கு முதுகு வலி எப்படி? வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

தம்பி
தணிகாசலம்

—

தைப்பிங்
18.6.1974

தம்பிக்கு,

அத்தான் முதுகு தேவலை. இங்கே மழை நிற்கவில்லை.

கோழி குஞ்சு பொரித்ததை எழுதினாய். பெண்டாட்டி என்ன பெற்றாள் என்று எழுதவில்லையே? மே மாதம் முடிந்து ஜூனும் பாதி போய்விட்டது. கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் எழுதியிருக்கிறாயோ என்று. செண்பகமும் பார்த்தாள். "மாமா மறந்துட்டாரும்மா" என்கிறாள். பிள்ளை பிறந்ததை மறக்கிறவன் உண்டா?

இந்திராணிக்கு ஏதும் ஆகிவிட்டதா? பிள்ளை தங்கவில்லையா? எதுவானாலும் எழுது, தாங்கிக்கொள்வேன். எழுதாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. பிள்ளைக்கு அத்தை நான் ஒருத்திதான். காதில் பெயர் சொல்ல வேண்டியவள் நான். என்னை விட்டுவிட்டுத் தொட்டில் போட்டுவிட்டாயா?

அக்கா

—

குளுவாங்
1.7.1974

அக்காவுக்கு,

பயப்பட ஒன்றுமில்லை. மே மாதம் 17ஆம் தேதி பிரசவம் ஆனது. தாயும் பிள்ளையும் சுகம். வேலை அதிகமானதால் எழுத முடியவில்லை. பெயர் இன்னும் வைக்கவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். என்னோடு வேலை செய்யும் ஒரு நண்பருக்காகக் கேட்கிறேன். செண்பகத்தை நீங்கள் எடுத்தபோது பிறந்து எத்தனை நாள் இருக்கும்? தாய்ப்பாலுக்குப் பதில் என்ன கொடுத்தீர்கள்? பிள்ளை ஏங்கிப்போகவில்லையா? எத்தனை நாளில் பழகியது? முக்கியமாக, கொடுத்த தாய்க்குப் பிறகு உடம்புக்கு ஏதும் வந்ததா, தெரியுமா? ஆடி பிறப்பதற்குள் அவர்கள் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. சீக்கிரம் பதில் போடவும்.

தணிகாசலம்

—

தைப்பிங்
5.7.1974

என் தம்பி தணிகாசலத்துக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு இன்று வாய் வரவில்லை.

உன் நண்பருக்கு நாலாவதும் பெண் என்று நினைக்கிறேன். தொட்டிலுக்கு வாங்கிய நீலத் துணியை என்ன செய்தார் அவர்?

அவருக்குச் சொல். எடுத்தபோது செண்பகத்துக்குத் தொப்புள்கொடி காய்ந்து விழுந்திருந்தது, அவ்வளவுதான். டின் பாலைக் கரைத்து, துணியை நனைத்துச் சப்பக் கொடுத்தேன். ஏங்கினாளா என்றா கேட்கிறார்? என் மாரில் முகத்தை வைத்துத் தேடுவாள். அங்கே என்ன இருக்கிறது? அவள் அழ, நான் அழ. பாலுக்கு அழுகிறாளா, பெற்றவளின் வாடைக்கு அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, இன்றுவரை தெரியவில்லை.

கொடுத்த தாயைப் பற்றிக் கேட்டாய். அது எனக்குத் தெரியாது. அதனால் போய்க் கேட்டேன்.

பன்னிரண்டு வருஷமாக உன்னிடம்கூடச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கீரை விற்கும் சியூ லான்தான் செண்பகத்தைப் பெற்றவள். எனக்குத் தெரியும், தெரியும் என்று அவளுக்கும் தெரியும். ஒருநாளும் பேசியதில்லை. என் கூடையில் அவள் கூட ஒரு கட்டுக் கீரையைப் போடுவாள், நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். செண்பகம் கூட வரும் நாளில் தலையைக் குனிந்துகொண்டே எடை போடுவாள். அந்தக் கணக்கு அன்றைக்கு இன்னும் மோசமாகத் தப்பும்.

நேற்றுக் கூட்டம் குறைந்த பிறகு பக்கத்தில் குந்திக் கேட்டேன். எங்கள் பேச்சு பாதி மலாய், பாதி தமிழ். "எனக்குத் தெரிஞ்சவங்க வீட்ல புள்ளைய குடுக்கப்போறாங்க. குடுத்த பெறகு எப்படி இருந்துச்சு?" என்றேன். வெண்டைக்காயை அடுக்கிக்கொண்டே இருந்தாள்.  அடுக்கி முடித்துவிட்டுச் சொன்னாள்.

"குடுக்கற அன்னிக்கி ஒன்னும் இல்ல. மாமியா சொல்லுச்சு, புருசன் சொல்லுச்சு, புலி வருசம், பொண்ணு, வீட்டுக்கு ஆகாது. சரின்னு குடுத்துட்டேன். மறுநா காலையில கடை போட வந்துட்டேன். எல்லாரும் சொன்னாங்க, இவளுக்கு மனசு கல்லு. வீட்ல இருந்தா காதுல புள்ள அழுவுது அக்கா. மார்க்கெட்ல சத்தம், இங்க கேக்காது. அதான் வந்தேன். ஆனா எவ புள்ள அழுதாலும் பால் இறங்குது. சட்ட நனைஞ்சு போவுது. கீரைமேல தண்ணி தெளிக்கற மாதிரி என்மேலயும் தெளிச்சுக்குவேன், யாருக்கும் தெரியாது. மனசுக்குச் சொல்லிக்கலாம், பாலுக்கு எப்படிச் சொல்றது?"

இதை இந்திராணிக்குப் படித்துக் காட்டு. முழுதாகப் படி, வரி விடாதே. கொடுத்த மறுநாளே கடை திறப்பார்கள் என்று எழுதினாயே, சரியாகத்தான் எழுதியிருக்கிறாய். ஏன் திறந்தாள் என்பதுதான் உனக்குத் தெரியவில்லை. நம்மில் அப்படி உண்டா என்றும் கேட்டாய். உண்டு என்று இப்போது தெரிந்துகொண்டேன். அவர்களுக்குப் புலி வருஷம், நமக்கு நாலாவது பெண். அவ்வளவுதானடா வித்தியாசம்.

கொடுத்தே தீருவது என்றால் யாருக்கோ கொடுக்காதே. எனக்குக் கொடு. நாளைக்கே ரயிலேறி வந்து வாங்கிக்கொள்கிறேன், செண்பகத்துக்குத் தங்கையாக இருக்கட்டும். ஆனால் ஒன்றை யோசித்துக்கொள். அவள் என் மகளானால் நீ அவளுக்கு அப்பன் இல்லை. தாய்மாமன். நாளைக்கு அவள் பெரிய மனுஷியாகும்போது பச்சை ஓலையோடும் மாலையோடும் நீதான் என் வாசலில் வந்து நிற்க வேண்டும். "மாமா, ஆசீர்வாதம் பண்ணுங்க" என்று உன் பெண் உன் காலில் விழுவாள். அந்த "மாமா"வைக் கேட்டுக்கொண்டு நிற்க உன்னால் முடியுமா? இல்லை, அவளுக்கும், பெற்ற தாயோடு பிறந்தவன் எங்கேயோ இருக்கிறான் என்று கடிதம் எழுதுவாயா?

முடியும் என்றால் எழுது. வருகிறேன்.

அக்கா அமிர்தம்

—

குளுவாங்
29.7.1974

அன்புள்ள அண்ணிக்கு இந்திராணி வணக்கத்துடன் எழுதுவது.

நீங்களும் அண்ணனும் செண்பகமும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். எனக்கு எழுத்து அவ்வளவு வராது, பிழை இருந்தால் பொறுக்கவும். இவர் எழுதப் பலமுறை உட்கார்ந்தார். "அன்புள்ள அக்காவுக்கு" என்று எழுதுவார், கிழிப்பார். அதனால் நான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை அடுப்படியில் வைத்துத்தான் படித்துக் காட்டினார். பாப்பா என் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தாள். சட்டை நனையும் என்ற இடத்தில் நிறுத்திவிட்டார். கடிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, கோழிக்குத் தீனி வைக்கிறேன் என்று வெளியே போனார். கோழிக்கு அப்போதுதான் வைத்திருந்தது. மீதியை நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

அண்ணி, இது நான் கேட்டு நடந்ததில்லை. வேண்டாம் என்று நான் சொல்லவும் இல்லை. பெண் என்று நர்ஸ் சொன்னதும் இவர் வேலைக்குக் கிளம்பிவிட்டார். எங்கள் அம்மாதான், "நாலாவது பொண்ணு நடைக்கல்லைப் பேக்கும். பொண்ணு போதும்னு சாமிக்குத் தெரியறதுக்குப் போதும்பொண்ணுன்னு பேரு வை, இல்லன்னா குடுத்துரு" என்றார்கள். சிகாமட்டில் பிள்ளையில்லாத ஒரு நல்ல குடும்பம், அம்மாதான் பேசி முடித்தார்கள். நான் பால் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று சுவரைப் பார்த்துக்கொண்டே கொடுத்துப் பழகிக்கொண்டிருந்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஆடி பிறப்பதற்கு முந்தின நாள் அவர்கள் வந்தார்கள். பூப்போட்ட கவுனும் பால் புட்டியும் வாங்கி வந்திருந்தார்கள், பாவம். இவர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். "மன்னிச்சுருங்க. நாங்க குடுக்கல" என்றார். அந்த மனுஷர், "ஏங்க, பேசி முடிச்சதுதானே, என்ன ஆச்சு?" என்றார்.  பதினாறு வருஷம் ரயிலில் பேசிய வாய் அண்ணி. அதிலிருந்து வந்த ஒரே பதில், "எங்க அக்காவுக்குத் தெரிஞ்சுபோச்சு."

அந்த மனுஷரின் மனைவி கவுனை மட்டும் வைத்துவிட்டுப் போனாள். போகும்போது பாப்பாவைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அது இன்னும் மனசை அறுக்கிறது.

அம்மா கோபித்துக்கொண்டு என் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்கள். "கல்லு பேராம போவுதான்னு பாத்துக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ரயில்வே வீட்டு வாசலில் சிமெண்டு அண்ணி. பெயர்ப்பதற்குக் கல்லே இல்லை.

ஆவணியில் நாள் பாருங்கள். எல்லோரும் வருகிறோம். செண்பகத்துக்கு அவள் மாமா மாலை போடட்டும். எங்கள் பாப்பாவுக்கு அத்தை நீங்கள் காதில் பெயர் சொல்ல வேண்டும். அதுவரை பெயரில்லாமல் இருக்கட்டும் என்று வைத்திருக்கிறோம்.

இந்திராணி

—

தைப்பிங்
7.9.1974

அன்புத் தம்பிக்கும் இந்திராணிக்கும்,

எல்லோரும் நல்லபடி ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? துர்க்காவுக்கு ரயிலில் காற்றுப் பட்டுச் சளி பிடிக்கவில்லையே? பாப்பா காதில் அந்தப் பெயரைச் சொன்னபோது நீ முகத்தைச் சுளித்ததைப் பார்த்தேன். நம் அம்மன் படத்தில் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறாள், போய்ப் பார். புலியைக் கண்டு நமக்கு என்ன பயம்?

நீ ஓலை வெட்டிய அழகை மரகதம் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். ஆனால் மாலையைப் போட்டுவிட்டு, சரியாக விழுந்ததா என்று நீ மூன்று தடவை சரிசெய்ததை அவளும் பார்த்தாள். அதைச் சொல்லிச் சிரிக்கவில்லை. "நல்ல மாமன்தான்க்கா" என்றாள்.

நீ அவசர அவசரமாக ரயிலுக்குக் கிளம்பிவிட்டாய், சில விஷயம் உனக்குத் தெரியாது. பந்தியில் சிவப்புச் சாயம் போட்ட முட்டை வைத்தோமே, நீ இரண்டு தின்றுவிட்டு உப்பு இல்லை என்றாய். பெரிய மனுஷியான பெண்ணுக்கு முட்டை கொடுக்கிறது வழக்கம்தானே, சாயம் அழகுக்கு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அது நான் அவித்தது இல்லை.

நீ மாலை போட்டுக்கொண்டிருந்தபோது சியூ லான் வேலிப்பக்கம் நின்றிருந்தாள். நான்தான் மார்க்கெட்டில் நாளைச் சொல்லியிருந்தேன். உள்ளே வா என்றேன், தலையை ஆட்டினாள். கையில் துணி மூடிய ஒரு பெரிய பீங்கான் பாத்திரம். என் இடுப்பில் துர்க்கா. அவளைப் பார்த்துக் கேட்டாள்: "யாரு புள்ள?" "தம்பி புள்ள." "பொண்ணு?" "ஆமா." "இதுவும் புலியா?" "ஆமா." பாத்திரத்தை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, "யாரு வளக்கறாங்க?" என்றாள். "பெத்தவங்கதான். குடுக்கல" என்றேன். துர்க்காவின் காலைப் பிடித்து ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தாள். "நல்லது. நல்லது" என்றாள். கண் நிறைய ஆரம்பித்ததும் பாத்திரத்தை என் கையில் திணித்தாள்.

பிள்ளைக்கு முதல் மாதம் நிறைந்தால் சீனர்கள் சிவப்பு முட்டை அவித்து ஊருக்குக் கொடுப்பார்கள், உனக்கும் தெரியும். "பாப்பாவுக்கா?" என்றேன். இல்லை என்று தலையசைத்து, மணையில் உட்கார்ந்திருந்த செண்பகத்தைக் கண்ணால் காட்டினாள். "அதுக்கு. மொத மாசத்துக்கு அப்ப குடுக்கல. இப்ப குடுக்கறேன்" என்றாள். அதுதான் தம்பி நீ தின்ற முட்டை. உப்பு இல்லை என்றாயே, நான் எப்படி அந்த நேரத்தில் சொல்வேன்?

மறுநாள் செண்பகம் அந்தப் பீங்கான் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "அம்மா, கீரைக்காரம்மா மூக்கும் என் மூக்கும் ஒன்னுதானே?"  இத்தனை வருஷம் பயந்த கேள்வி. "ஆமாடி" என்றேன். "எனக்கு ரொம்ப நாளா தெரியும்" என்றாள். அவ்வளவுதான். பாத்திரத்தைத் துடைத்தாள். பிறகு சடங்குக்குச் சுட்ட அதிரசத்தை எடுத்து அதில் அடுக்கினாள். "என்னடி பண்ற?" என்றேன். "வெறும் பாத்திரமாவா திருப்பிக் குடுப்பாங்க? நீதானே சொல்லுவ" என்றாள்.

தனியாகத்தான் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். ரத்தம் கூப்பிடும் என்று நீ எழுதியது காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது, மறைப்பானேன்? வந்தாள், கை நிறையக் கீரை. "பேசினியா?" என்றேன். "பேசினோம். அஞ்சு கட்டு குடுத்துட்டு ஏழுன்னு சொல்லுச்சு. இல்ல, ஆறுன்னு நான் சொன்னேன். பக்கத்துக் கடை ஆள் எண்ணிப் பாத்துட்டு ரெண்டு பேரையும் பாத்துச் சிரிச்சாரு" என்றாள்.

கணக்கு யார் ரத்தத்தில் இருக்கிறது என்று உனக்கு இப்போது தெரிந்திருக்கும்.

வந்தவள் நேரே அடுப்படிக்குப் போனாள். "பசிக்குதும்மா, சோறு போடு" என்றாள். போட்டேன். ராத்திரிக்கு அந்தக் கீரையைத்தான் கடைந்திருக்கிறேன்.

துர்க்காவுக்கு என் முத்தம். இந்திராணி, பால் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்த்துக் கொடு.

அக்கா
அமிர்தம்